பாண்டிச்செல்வியின் தெரு

சந்தனமாரி: “என்னை எழுப்பாம தெருவை ஏன் எழுப்புறே?”ன்னு கேட்டியே... ஞாபகம் இருக்கா?

சோனியா: நானா? யார்கிட்ட, அத்தை?

சந்தனமாரி: உங்கம்மாகிட்டதான். வேற யாரு தினம் இருட்டோட தெரு பெருக்கப் போனா? இத்தனூண்டு இருந்தே. வாசல்ல நின்னு கேட்டே. உங்கம்மா காளியம்மை தொடப்பத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு என்கூட நடந்தா. நாங்க பெருக்குற கொச்சங்காடி வர்ற வரைக்கும் மூக்கைச் சிந்திக்கிட்டே வந்தா.

சோனியா: அழுதாளா? சாகுற வரைக்கும் என்கிட்ட சொன்னதே இல்லையே...

சந்தனமாரி: சாயாவைக் குடி மோளே, ஆறிடும். அந்தப் போன் ஓடுதா என்ன?

சோனியா: ஆமா, பதிவாகுது. ஆராய்ச்சிக்குன்னு சொன்னேனே. வேலைக்குப் போற பொம்பளைங்க, அவங்க குடும்பம், அரசாங்கம் குடுக்கிற உதவி...

சந்தனமாரி: எந்த பாஷையில எழுதுவே?

சோனியா: இங்கிலீஷ்ல.

சந்தனமாரி: நல்லதாப் போச்சு. மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, தமிழ்லன்னா உன் பேரையே தப்பா எழுதுவே.

சோனியா: கேலி போதும். அத்தை... அம்மாவுது காண்ட்ராக்ட் வேலை. லீவு கிடையாது. வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. ஆனா நான் பொறந்தப்ப அவ வேலை போகலை. அப்போ பெத்த மறுநாளே என்னை விட்டுட்டுப் போயிட்டாளா?

சந்தனமாரி: மறுநாளா! எவ சொன்னா?

சோனியா: யாரும் சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன். கண்ணு முழிச்சதும் அம்மா முகத்தைப் பார்த்தேன்னு சொல்ல ஒரு காலை கூட எனக்கு ஞாபகத்துல இல்லை.

சந்தனமாரி: ...போனை அணை.

சோனியா: அத்தை, இதுதான் முக்கியமான...

சந்தனமாரி: அணைடீ. அப்பதான் சொல்லுவேன்.

சோனியா: சரி. அணைச்சாச்சு.

சந்தனமாரி: அவ தெருவை நாங்க பெருக்கினோம். நானும் கமலாக்ஷியும், இன்னும் ரெண்டு பேரும். சூப்பர்வைசர் வர்றதுக்கு முன்னாடி அதை முடிச்சுட்டு எங்க தெருவுக்குப் போவோம். தெரு சுத்தமா இருந்தா அந்த ஆளு யாரையும் தேட மாட்டான். பிள்ளை பெத்தவளுக்கு இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யிறது.

சோனியா: அப்போ அம்மா?

சந்தனமாரி: பாயில உன்னை அணைச்சுக்கிட்டுக் கிடந்தா. சாயங்காலம் கஞ்சி கொண்டு போவேன். “நாளைக்கு வர்றியாடி?”ன்னு கேட்பேன். உன் உச்சியை மோந்துக்கிட்டே, “இன்னும் ஒரு நாள், அக்கா”ம்பா. மறுநாள் கேட்டாலும் அதேதான். “இன்னும் ஒரு நாள்.” மழைக்காலம் முடியிற வரைக்கும் அப்படியே கேட்டா. நாங்களும் குடுத்தோம்.

சோனியா: ...மழைக்காலம் முழுசுமா?

சந்தனமாரி: முழுசும். அழாதே, சாயாவுல உப்பு விழும்.

சோனியா: இதை நான் எழுதணும், அத்தை. மேல இருக்கிறவங்க படிச்சா எல்லாருக்கும் சம்பளத்தோட லீவு வரும்.

சந்தனமாரி: வரட்டும். அம்மன் புண்ணியத்துல வரட்டும். ஆனா அது வர்றதுக்குள்ள பாண்டிச்செல்வி பிள்ளை...

சோனியா: பிள்ளை?

சந்தனமாரி: ஒண்ணுமில்லை.

சோனியா: தேனியில இருந்து வந்த அக்காதானே? பொண்ணு பொறந்திருக்கே. அவங்க தெருவுக்கு நீங்க இருட்டுல போறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். அதனாலதான் அம்மாவைப் பத்திக் கேட்கவே வந்தேன்.

சந்தனமாரி: பார்த்துட்டியா, கள்ளி! எழுதிடாதே மோளே. காண்ட்ராக்ட்காரன் காதுக்குப் போச்சுன்னா அவளை நிறுத்திடுவான். புருஷன் வெலிங்டன் தீவுல மூட்டை தூக்கி இடுப்பு பிடிச்சுக் கிடக்கான். அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது.

சோனியா: அவங்க வேலைக்குத் திரும்புற வரைக்கும் ஒரு வரி எழுத மாட்டேன். அப்புறமும் யார் பேரும் வராது, தெரு பேரும் வராது.

சந்தனமாரி: அம்மன் மேல சத்தியமா?

சோனியா: சத்தியமா.

சந்தனமாரி: அப்போ இன்னொண்ணும் சொல்றேன். சிரிக்கக் கூடாது.

சோனியா: சிரிக்கலை, சொல்லுங்க.

சந்தனமாரி: இந்த வாரம் பாண்டிச்செல்வி தெரு என் முறை. திங்கள்கிழமை சாயங்காலம் கோயில் படியில வழுக்கி முட்டி வீங்கிடுச்சு. மறுநாள் என் தெருவையே இழுத்துப் பிடிச்சுதான் முடிச்சேன். பாண்டிச்செல்வி வேலை போச்சேன்னு நொண்டிக்கிட்டே அவ தெருவுக்குப் போய்ப் பார்த்தா... தெரு சுத்தமா இருக்கு! அடுத்த நாளும் அப்படித்தான். இன்னைக்கும்.

சோனியா: யாரு பெருக்கினது?

சந்தனமாரி: ஒருத்தரையும் காணோம். பாண்டிச்செல்வியைக் கேட்டா, “நீங்கதானேக்கா?”ங்கிறா. அம்மனே வந்திருக்கான்னு ஒரு விளக்கு ஏத்திட்டு வந்தேன்.

சோனியா: இருக்கும், அத்தை.

சந்தனமாரி: ஆனா ஒரு சந்தேகம். அம்மன் பெருக்கினா இந்த லட்சணத்துலயா இருக்கும்? நடுவுல மட்டும் சுத்தம். சுக்குக் குடோன் வாசல்ல மூலைக்கு மூலை தோலு அப்படியே கிடக்கு. தொடப்பமே பிடிச்சுப் பழகாத கை!

சோனியா: ...நாளைக்கு மூலையும் சேர்த்துப் பெருக்கிடுறேன், அத்தை.