முகத்தில் உயிர்

படத்துக்கு உட்காரும் பெரிய வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது கழுத்துச் சுருக்கத்தைக் குறைக்கச் சொல்லித்தான். நான் மறுப்பதில்லை. இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா சார், உங்களிடமும் எதையும் மறுக்கப்போவதில்லை.

ஆதிகேசவன் வரைந்தால் முகத்தில் உயிர் இருக்கும் என்றுதான் இந்த ஊர்ப் பணக்காரர்கள் அல்சூர் ஏரிக்கரைக்கு என்னைத் தேடி வந்தார்கள். பட்டும் நகையுமாக உட்கார்ந்தவுடன் எந்த முகமும் பொம்மையாகிவிடும். அப்போது பேச்சுவாக்கில் ஒன்று சொல்வேன். சௌம்யா என்ற பெண்ணிடம், அவள் கணவரை வேறொருத்தியோடு ஹோட்டல் லிஃப்டில் பார்த்ததாகச் சொன்னேன். அந்தக் கண்கள் கிடைத்துவிட்டன. வரைந்து முடித்ததும், ஆள் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு, காபி வரவழைத்தேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. படம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

வேதநாயகி அம்மாள், தன் மகன் சஞ்சயின் ஆசைக்காக வந்தவர். லேசில் அசைகிற ஆள் இல்லை. நான் சொன்ன வம்பையெல்லாம் சிரித்தே தள்ளிவிட்டார்.

"சௌம்யா படத்துல இருக்கிற அந்த லைஃப் எனக்கு வரலையே தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டது அவர்தானே.

மறுநாள் வெளிச்சம் ஃபோன் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது என்று சொல்லி அவரிடமிருந்து அதை வாங்கி வைத்தேன். பிறகு, "இப்பத்தான் ஃபோன் வந்துச்சும்மா. ஹெப்பால் ஃப்ளைஓவர்ல சஞ்சய் கார் லாரியில மோதிடுச்சாம்" என்றேன்.

அப்படியொரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிரஷ் தானாக ஓடியது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் இருந்த கைப்பையை நோக்கிக் கையை நீட்டினார்.

"மாத்திரை... எடுத்துக் குடு தம்பி."

பதற்றத்தில் எனக்குக் கைகால் ஓடவில்லை என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. நான் எழுந்து போனேன். நீண்டிருந்த அந்தக் கை மிக அழகாக இருந்தது. பை கிடைத்துவிட்டால் மடங்கிவிடும். அதனால் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வந்து வரைந்தேன். கை விழுந்த பிறகும் சிறிது நேரம் வரைந்தேன்.

மகனுக்கு ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்ல முடியாமல் போனதுதான் மனதை உறுத்துகிறது. விசாரணை முடிந்ததும் படத்தை சஞ்சயிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா அவன்மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தார் என்று வேறு யாராலும் இப்படிக் காட்டியிருக்க முடியாது.