பன்னெண்டாம் நம்பர் மனை

பன்னெண்டாம் நம்பர் மனைதானே சார்? வந்துட்டீங்க, இங்கதான். அது எங்க ஓடிப்போவப் போவுது? மொதல்ல உள்ள வாங்க. இந்த வெயில்ல ஆம்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடந்தேவா வந்தீங்க? ஜட்கா கெடைக்கலியா? செருப்ப அப்டி ஓரமா வுடுங்க. குனிஞ்சி வாங்க, குனிஞ்சி... ஐயய்யோ, இடிச்சிக்கினீங்களா? தேச்சி வுடுங்க, தேச்சி வுடுங்க. இந்த வூட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் இதான் மொத மரியாதை. அது மாடிப்படி சார். கூடத்துக்கு நடுவுல இன்னாத்துக்கு மாடிப்படி வந்துச்சின்னு கேக்கறீங்க. வரக்கூடாதுதான். மேல தளம் ஒட்டி முடிச்சி, மேஸ்திரி தானியேலுக்கு வேட்டி துண்டு எல்லாம் வெச்சிக் குடுத்துட்டு, வாய்யா மொட்டமாடில நின்னு காத்து வாங்கலாம்னு கூப்ட்டேன். அவன் என்ன பாக்கறான், நான் அவன பாக்கறேன். ரெண்டு பேரும் படிய மறந்துட்டோம். அப்பறம் எடம் கெடைச்ச எடத்துல சொருவினது இது.

ஒக்காருங்க சார், கட்டில்லயே ஒக்காருங்க. பூரணி, ரெண்டு டம்ளர் மோர் கொண்டாம்மா, சாருக்கு மண்டைல பட்டுடுச்சி. என் சம்சாரம். நான் செங்கல்வராயன். ஹயாத் பாஷா சாயபு தோல் ஷாப்புல பதம் போட்ட தோல தரம் பிரிக்கிற வேலை, இருவத்தி ரெண்டு வருஷமா. நீங்க நந்தகோபால்தானே? வர்றீங்கன்னு உங்க மச்சான் முன்னாடியே சொல்லி அனுப்பிச்சாரு. ஜோலார்பேட்டைல ரயில்வே கூட்ஸ் ஆபீஸு. சரி சரி. மனைய உங்களுக்காக அவருதான் வாங்கிப் போட்டாரு, நீங்க இன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்க வர்றீங்க. ஆவணில கட்ட ஆரம்பிக்கணும். கையில சுருட்டி வெச்சிருக்கறது பிளானா? வெச்சிக்குங்க, வெச்சிக்குங்க, அப்பறமா பிரிக்கலாம். வூடு கட்டப் போறவருக்கு, கட்டி நொந்தவன் நாலு வார்த்த சொல்லணும் சார். எனக்கு யாரும் சொல்லல.

காத்த கேளுங்க மொதல்ல. நான் மனை பாத்தது தை மாசம், நயா பைசா வந்த வருஷம். கெழக்கால இருந்து ஜிலுஜிலுன்னு காத்து. ஆஹா, இதாண்டா எடம்னு முடிவு பண்ணிட்டேன். சாயபு பங்களாவுல மேற்கால நாலு பெரிய ஜன்னல் இருக்குது, நானும் மேற்கால நாலு வெச்சேன். அவரு பங்களாவுக்கு மேற்கால மாந்தோப்பு. எனக்கு மேற்கால இன்னா இருக்குது? தோல் ஷாப்பு. அதுவும் தோல ஊறப் போடற சுண்ணாம்புக் குழி இருக்கற பக்கம். ஆடி மாசம் மேல்காத்து எழும்பிச்சி பாருங்க, பூரணி ஓடியாந்து வூட்டுல எங்கியோ பெருச்சாளி செத்துக் கெடக்குதுன்னா. ரெண்டு நாளு பரண் எல்லாம் ஏறித் தேடறோம். எனக்கு ஒரு நாத்தமும் வர்ல சார். வராது. எங்க ஷாப்புல அஞ்சி வருஷம் இருந்தா போதும், மூக்கு நம்மள வுட்டுட்டுப் போய்டும். மல்லிப்பூவும் ஒண்ணுதான், குழித்தண்ணியும் ஒண்ணுதான். அந்த மூக்க வெச்சிக்கினு போயி நான் மனை பாத்திருக்கேன்!

அதனால இன்னா சொல்றேன்னா, மனை பாக்கப் போவச்சே தோல் ஷாப்புல வேலை செய்யாத மூக்கு ஒண்ண கூட இட்டுக்கினு போவணும். தையில ஒருவாட்டி பாக்கணும், ஆடில ஒருவாட்டி பாக்கணும். இப்ப நாலு ஜன்னலுக்கும் பலகை வெச்சி ஆணி அடிச்சாச்சி. பகல்லயே உள்ள லாந்தர் கொளுத்த வேண்டியதா இருக்குது. ஜன்னலுக்கு வாங்கின கம்பி எல்லாம் தண்டம்.

மோர் எடுத்துக்குங்க. உப்பு கம்மியா? சொன்னா போட்டுக் குடுப்பா. அவ கையப் பாத்தீங்களா, முட்டியெல்லாம் தழும்பு? அது தானியேல் ஒசரத்தால வந்தது. அவன் ஆறடிக்கு மேல. சமையக்கட்டுல அலமாரிக்கு எவ்ளோ ஒசரம் வைக்கட்டும்னு கேட்டான். எனக்கு இன்னா தெரியும், உன் கைக்கு எட்டற மாதிரி வையின்னுட்டேன். அவன் கைக்கு எட்டுது. சமைக்கறவ அவன் தோள் ஒசரம் கூட இல்ல. பருப்பு டப்பா எடுக்கணும்னா மணை மேல மணை போட்டு ஏறுவா, மாசத்துக்கு ஒருவாட்டி வுழுவா. அவள ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சி போச்சி சார். நான் யாரையெல்லாம் கேட்டேன் தெரியுமா? சாயபுவ கேட்டேன், ஐயர கேட்டேன், ஷாப்புல கணக்கப்புள்ள இஷ்தியாக் அகமதுவ கேட்டேன். அவரு வாடகை வூட்டுல இருக்கறவரு. அவரு சொல்லித்தான் பாத்ரூம கூடத்துக்கு ஒட்டினாப்புல கட்டினேன், நவீனமா இருக்கும்னு. வாட்டம் பாக்கல. குளிச்ச தண்ணி வெளிய போவாம நேரா சாமி ரூமுக்குப் போவுது. முருகருக்கு தெனமும் சோப்புத் தண்ணி அபிஷேகம்.

சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிச்சாச்சி. அப்பறம் இந்தக் கட்டில். கூடத்துல கட்டில் போட்டு வெச்சிருக்கானேன்னு நெனச்சிருப்பீங்க. தலவாசல பாத்தீங்க இல்ல, ரங்கூன் தேக்கு, ரெட்டைக் கதவு, தாமரை எல்லாம் செதுக்கினது. ஒரு மாட்டு வண்டியே வரலாம். மரம் மொத்தமும் அதுலயே போய்டுச்சி. ரூமுக்கு மிச்சம் மீதில ஒரு சின்னக் கதவு. கட்டில் உள்ள போவல. நிமித்திப் பாத்தோம், படுக்க வெச்சிப் பாத்தோம், காலக் கூட அறுத்துடலாம்னு பாத்தோம், பூரணி வுடல, அவங்க அப்பா சீர் குடுத்த கட்டில். கல்யாணம் ஆன பொண்ணும் மாப்ளையும் தீபாவளிக்கு வந்தா, இங்க நட்டநடு கூடத்துல கெடக்கணும். மாப்ள ரெண்டு வருஷமா வர்றதே இல்ல.

இன்னா சார் வாட்ச்ச பாக்கறீங்க? மனையத்தானே, பாக்கலாம். அந்த ஜன்னல் வழியாவே தெரியும். இல்ல இல்ல, அந்தப் பக்கம் ஆணி அடிச்சது, கெழக்குப் பக்கம் பாருங்க. தோ, அந்தக் காலி மனை. எப்டி இருக்குது பாருங்க, சதுரமா, மேடா. மழைத் தண்ணி நிக்காது. காலை வெயில் நேரா வாசல்ல வுழும். ஆடிக் காத்த பத்தி உங்களுக்குக் கவலையே வேணாம், குழி நாத்தம் மொத்தத்தையும் என் வூடு குறுக்க நின்னு வாங்கிக்கும். இந்த மாதிரி செவுரு உங்களுக்கு எந்த இஞ்சினியரு போட்டுக் குடுப்பான்? தானியேல நானே இட்டாறேன். இப்ப அவனுக்கு மாடிப்படி ஞாபகம் இருக்குது. கூட நின்னு ஒவ்வொரு கல்லும் நான் பாத்துக்கறேன். சிமெண்ட் பர்மிட்டுக்கு வேலூருக்கு அலையறது கூட என் பொறுப்பு. நீங்க ஜோலார்பேட்டைல நிம்மதியா கூட்ஸ் வண்டி எண்ணுங்க.

இவ்ளோ கொறை இருக்கற வூட்டுல எப்டி இருக்கறீங்கன்னா கேக்கறீங்க? அத்த அவளத்தான் கேக்கணும். பதினேழு வருஷம் சார், ஷாப்பு குடோனுக்குப் பின்னால ஒண்டுக்குடித்தனம். பதினோரு வூட்டுக்கு ஒரு கெணறு, ஒரு கக்கூஸு. பொண்ணு பெரியவளானப்ப ஒதுக்கி வைக்க மூலை இல்லாம பொடவை கட்டி மறைச்சோம். இங்க வந்த அன்னைக்கு கதவச் சாத்தி உள்தாப்பா போட்டுட்டு, ஒரு நாழி கூடத்துல சும்மா ஒக்காந்துட்டு இருந்தா. இன்னாம்மான்னேன். யாரும் வர மாட்டாங்க இல்ல, அதான்னா. இப்பவும் அலமாரிய திட்டுவா, படிய திட்டுவா, என்ன திட்டுவா. ஆனா விடிஞ்சா தாமரைக் கதவுக்கு எண்ணெ போட்டுத் தொடைக்காம காப்பி குடிக்க மாட்டா. இந்த வூட்டுக்கு இப்ப ஒரு பேஜாரு வந்திருக்குது சார். ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. இது போச்சின்னா அவ திரும்ப அந்த குடோன் பின்னாடிக்குப் போவ மாட்டா. உசுரோட போவ மாட்டா.

சொல்றேன், சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன். இந்த லேயவுட்டு போட்ட புதுசுல மனை ஒண்ணும் விக்கல. சாயபு நெலத்துக்காரர்கிட்ட சொல்லி ரெண்டு கோடை இங்க தோல் காயப் போட்டாரு. நாந்தான் மேல்பார்வை. தோலு காய காய சுருண்டுக்கும், காத்துல பறக்கும், மூலைக்கு மூலை வெயிட்டு வேணும். சுத்திப் பாத்தா கல்லு எங்கயும் இல்ல, மனைக்கு நட்ட நம்பர் கல்லுங்கதான் வரிசையா நிக்குது. நல்ல கல்லு, ஒரே சைஸு. புடுங்கி வைங்கய்யான்னு நாந்தான் சொன்னேன். வேலை முடிஞ்சதும் ஆளுங்க திரும்ப நட்டுட்டாங்க. குழி இருந்துச்சி, கல்லு இருந்துச்சி, நட்டாங்க. எந்தக் கல்லு எந்தக் குழின்னு அவங்களுக்கு எதுக்கு? நம்பர் படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் அங்க நின்னுக்கினு இருந்தான், அவன் தோலையே பாத்துக்கினு இருந்தான். ஒரு ஆட்டுத்தோல கையில குடுங்க சார், கண்ண மூடித் தடவிப் பாத்து, அது உசுரோட இருக்கச்சே எங்க முள்ளு கீறிச்சின்னு சொல்லிடுவேன். கீழ கெடந்த கல்ல குனிஞ்சி பாக்கல.

மறு வருஷம் நான் வாங்கினது பதினொண்ணு. பத்திரத்துல பதினொண்ணு. வந்து பாத்தேன், கல்லுலயும் பதினொண்ணு. பூசை போட்டேன், கடக்கால் எடுத்தேன், கட்டினேன்.

போன மாசம் வூட்டு வரி போடறதுக்கு சர்வேயர் வந்தாரு. அவரு கல்ல பாக்கல. ரோட்டு முக்குல இருந்து சங்கிலி போட்டு அளந்துக்கினே வந்தாரு. அன்னைக்கு பூரணி குடியாத்தத்துல அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருந்தா, என் நல்ல நேரம். அளந்து முடிச்சி நோட்டுல எழுதினாரு, கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு, திரும்ப ஒருவாட்டி அளந்தாரு. அப்பறம் இன்னா சொன்னாருன்னா, ஏம்பா செங்கல்வராயா, பதினொண்ணு காலியாத்தான் இருக்குது, உன் வூடு பன்னெண்டுல இல்ல நிக்குதுன்னாரு.

எழுந்திரிக்காதீங்க சார். திரும்ப மண்டைல படும். ஆமா, நீங்க ஒக்காந்துக்கினு இருக்கறதுதான் உங்க மனை.

கோர்ட்டுக்குப் போனா ஜெயிப்பீங்க. நான் வக்கீல கேட்டுட்டேன். மனை உங்களுது, மேல நிக்கறதும் உங்களுதுன்னு கூட தீர்ப்பாவும்னு சொல்றாரு. அதனாலதான் வந்ததுல இருந்து ஒண்ணு வுடாம சொல்லிக்கினு இருக்கேன். படி மண்டைல இடிக்கும், ஜன்னல் தொறக்க முடியாது, தண்ணி சாமி ரூமுக்குப் போவும். இத்த ஜெயிச்சி நீங்க இன்னா பண்ணப் போறீங்க? மனைக்கு மனை மாத்தி ஒரு பரிவர்த்தனை பத்திரம் எழுதிக்கலாம். என் பதினொண்ணு உங்களுக்கு, உங்க பன்னெண்டு எனக்கு. அளவு ஒண்ணுதான், அடி கொறையாது. செலவு மொத்தம் என்னுது. உங்க சம்சாரத்த ஒருவாட்டி இட்டாந்து அலமாரிக்கு ஒசரம் அளந்துக்கலாம். முடியாதுன்னு இப்பவே சொல்லிடாதீங்க, ஊருக்குப் போயி யோசிச்சி சொல்லுங்க. தப்பு என்னுதுதான் சார். கல்லுது இல்ல, ஆளுங்களுது இல்ல, என்னுது.

கொஞ்சம் மெதுவா பேசுங்க. தோ வர்றேம்மா, எல போடு! வாங்க சார், கை கழுவிக்கலாம், குனிஞ்சே வாங்க. பக்கத்துல வூடு கட்டப் போறவரு வர்றாருன்னு சொன்னதுமே வாழக்கா வறுத்து, பாயசம் எல்லாம் வெச்சிருக்கா. இத்தன வருஷத்துல அவளா விரும்பி ஒருத்தருக்கு எல போடறது இதான் மொதவாட்டி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து போடறதும் போடாததும் உங்க இஷ்டம். சாப்ட்டு முடிக்கற வரைக்கும் மட்டும் பக்கத்து மனைக்காரராவே இருங்க சார்.