நாற்பத்தேழாம் எண் முத்திரை

எனிட் டர்ஸ்டன் அந்த இறக்கைக்கு முத்திரை குத்தவில்லை. குத்தியவர் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்.

போதகர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, ஆலை மேலாளர் திரு. ஹெம்பர் அவர்களே, எனிட்டின் தங்கை மேவிஸ் அவர்களே, வேலை உடுப்போடு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். வணக்கத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்ல வேண்டியதை ஒன்பது வருடமாக யாரும் சொல்லவில்லை.

அஞ்சலித் தாளில் 'உணவகப் பணியாளர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் இறக்கைச் சோதகர் எனிட் டர்ஸ்டன்.

இரண்டு சுழலிகள் வைத்த நம் ஹெலிகாப்டர் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்த நாளை மறந்தவர் இங்கே இருக்கிறீர்களா? பசு எழுந்திருப்பதைப் போல முதலில் பின்பக்கம் தூக்கியது, அப்புறம்தான் மூக்கு. நாம் தொப்பிகளை வீசினோம். மறுநாள் பத்திரிகைப் படத்தில் விமானியும் வடிவமைப்பாளரும் சிரித்தார்கள். சுழலிகளின் மரத்தாலான எட்டு இறக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பசை எங்கே பிடிக்கவில்லை என்று சொன்ன பெண் அந்தப் படத்தில் எங்கே இருந்தார்? கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சோதனை முடிந்தால் அந்த வேலையும் பெண்கள் தலையில்தானே!

அடுத்த ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. ஓர் இறக்கையின் அடிப்பகுதியைத் தட்டியபோது எழுந்த ஒலி அவருக்குச் சரியாகப் படவில்லை. சுண்ணக்கட்டியால் குறுக்குக்கோடு போட்டு ஒதுக்கினார். மதியம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து விடுப்பு கேட்டுக் கிளம்பினார். திங்கட்கிழமை அமைச்சகத்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த இறக்கையில் சுண்ணக்கோடு இல்லை. சோதித்துத் தேறியது என்பதற்கான அவருடைய நாற்பத்தேழாம் எண் முத்திரை இருந்தது. சனிக்கிழமை தரையிலேயே ஓட்டிப் பார்த்தபோது அது பிளந்து பறந்தது. அருகில் நின்றவர் லென் வவுல்ஸ். என் அப்பா. இதோ முன்வரிசையில், ஒற்றைக்காலோடு.

விசாரணை நடந்தது. எனிட்டைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்து உணவகத்தில் பாத்திரம் கழுவப் போட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? அவர் பெயரையே எடுத்துவிட்டு எண்ணால் கூப்பிட்டோம். "ஏய் நாப்பத்தேழு, இந்த ரொட்டியச் சோதிச்சுட்டியா? முத்திரையக் காணோமே!" என்று நம்மில் ஒருவன் கேட்டபோது கூடமே சிரித்தது. அவர் கரண்டியைக் கீழே வைக்காமல், "சோதிச்சுட்டேன்பா. உன்னவிட அதுக்கு உள்ள சரக்கு இருக்கு" என்றார். அதற்கும் சிரித்தோம். அவர் கையால் ஊற்றிய தேநீரை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அதை இங்கே நின்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன பிப்ரவரியில், நோய் முற்றிய பிறகு, என்னை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார். படுக்கையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை நீட்டினார். நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பொருளறை ஜன்னலில் வில்லையைக் கொடுத்தால்தான் நம் முத்திரையைத் தருவார்கள். முத்திரையைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை நம் கைக்கு வரும். வில்லையில் நாற்பத்தேழு என்று இருந்தது. அந்த வியாழக்கிழமை மதியம் முத்திரையை ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போன வில்லை. சனிக்கிழமை, விபத்து நடந்த பிறகு, ஆலைக்குத் திரும்பியதுமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதனால் வில்லை அவரிடமே தங்கிவிட்டது.

"உங்கப்பா கால நான் எடுக்கல தம்பி," என்றார்.

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க. 'இது உன் நம்பரா?'ன்னாங்க. ஆமான்னேன். 'சரி, போ'ன்னுட்டாங்க."

அவ்வளவுதான் விசாரணை. வில்லை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று நம் சங்கத்தின் ஆள் ஒருவரும் அந்த அறையில் இருந்தார். அவரும் கேட்கவில்லை. அந்த ஹெலிகாப்டரில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் மற்றொன்று இரண்டு சுழலிகளையும் சேர்த்துச் சுழற்றும். இரும்புக்கு அந்த ஏற்பாட்டைச் செய்யத் தெரிந்த நமக்கு, பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்குச் செய்யத் தெரியவில்லை.

அப்பாவிடம் வில்லையைக் காட்டினேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். "அவ முகத்துக்கு நேரா துப்பியிருக்கேன்டா, டெரிக்" என்றார். மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினோம். கதவைத் திறந்த மேவிஸின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

தோழர்களே, மலர்வளையத்தோடு இது முடியாது. விசாரணைக் குறிப்பிலிருந்து அவர் பெயர் நீங்கும்வரை ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் முதல் பேச்சாக இதை நான் எழுப்புவேன். என்னை வெளியே தள்ளினால் இன்னொருவர் எழுப்ப வேண்டும்.

திரு. ஹெம்பர், அன்று இறக்கைப் பிரிவின் மேற்பார்வையாளர் நீங்கள். வில்லை இல்லாமல் பொருளறைக்குள் போகும் உரிமை அந்தப் பிரிவில் உங்கள் ஒருவருக்குத்தான் இருந்தது. முத்திரையை எடுத்தது நீங்கள்தான் என்பதை உங்கள் வாயால் என் அப்பாவிடம் சொல்லுங்கள். போதகரைப் பார்க்காதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நிற்கிறார், பாருங்கள். அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. சொல்லுங்கள்.

சொல்லுங்கள், திரு. ஹெம்பர்.