ஷிபினின் வலது முழங்கால்

எபிசன் சார், ஸ்மைலினின் கணுக்கால் இப்போது நன்றாக இருக்கிறது. நேற்று குழித்துறைக் கூடைப்பந்துக் கோர்ட்டில் முக்கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் பாதி நேரம் மட்டும் இறக்குங்கள். மூன்றாவதிலிருந்து முழுசாக நம்பலாம்.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் வீரர்களின் உடம்பு எப்படி இருக்கிறது, இந்த வருஷம் டீம் தேறுமா என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வீர்கள். ஒன்பது வருஷமாக எழுதித் தருகிறேன். இந்தத் தடவை ஒரு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எடுத்திருக்கும் தேங்காய்ப்பட்டணத்து ஸ்டெனி ஆறடி ஐந்து அங்குலம். தோளில் நல்ல வலு. ஆனால் அப்பாவோடு கடலுக்குப் போய் வலை இழுத்த முதுகு, இறுகிக் கிடக்கிறது. அது இளகிவர ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் அவனைத் திட்டாதீர்கள், அவன் சோம்பேறி இல்லை. லீக்கில் இருக்கிற எட்டு டீமில் நாம் ஐந்தாவதோ ஆறாவதோ வருவோம். போன வருஷம் மூன்றாவதாக வந்தோம். அன்றைக்கு நம்மிடம் ஜெனித் இருந்தான், ஷிபினும் இருந்தான்.

ஜெனித்தின் தோள்பட்டை இரண்டு தடவை இறங்கியது. இரண்டு தடவையும் ஏற்றிவைத்தது இந்தக் கைதான். தோள் சரியான மறுமாதமே அவன் சென்னை டீமுக்குப் போய்விட்டான். பஸ் ஏறிய பிறகு போன் பண்ணினான். "ஆசானே, பெறவு பேசுகேன்" என்றான். இன்றுவரை பேசவில்லை. நான் சரிசெய்கிற உடம்பெல்லாம் வேறு டீமுக்குத்தான் ஆடுகிறது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஷிபின் அப்படிப் போகமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

பத்தொன்பது வயதில் கருங்கலிலிருந்து வந்தான். அம்மா ஜெயபாய் அங்கன்வாடி டீச்சர், அப்பா இல்லை. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்ட் இடத்துக்கு அவனைப் போல ஒருவன் நமக்குக் கிடைத்ததில்லை, அது உங்களுக்கே தெரியும். டீமில் எல்லோரும் என்னை ஆசான் என்பார்கள். அவன் ஒருவன்தான் அண்ணே என்று கூப்பிட்டான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நாங்கள் அய்யாவழி, எங்கள் கோயிலான நிழல் தாங்கலில் அன்னதர்மம் நடந்தால் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். அவர்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் வைத்து ஊருக்கே சோறு போடும்போது நான் போவேன். ஐந்து வருஷம் இப்படித்தான் நடந்தது.

நம் டீமில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், ஆசான் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி "இறங்குலே மக்கா" என்று சொன்ன பிறகுதான் பையன்கள் கோர்ட்டில் கால் வைப்பார்கள். நான் கொண்டுவந்த வழக்கம் இல்லை, அவர்களாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கத்தி, ஆசான் என்றால் எண்ணெய். எது பிடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மாசிமாதம் பயிற்சியில் குதித்து இறங்கும்போது ஷிபினுக்கு வலது முழங்கால் திரும்பியது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டேன். பதினைந்து நாள் காலை ஊன்றக்கூடாது என்றேன். ஒழுங்காக இருந்தான். ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆறாம் நாள் ரிப்போர்ட்டை வாங்கிவர என்னை அனுப்பினீர்கள்.

நான் கவரைப் பிரித்துப் படித்தேன். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். முழங்காலுக்குள் இருக்கிற ஒரு தசைநார் பாதி கிழிந்திருந்தது. நான்கு மாதம் குதிக்காமல் இருந்தால் கூடிவிடும், குதித்தால் மிச்சமும் போய்விடும். பையன் மனசு உடைந்துவிடுவானே, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு டீ சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்த டீ வருகிற வரைக்கும் எனக்கு அவன்மேல் கவலை தவிர வேறெதுவும் இல்லை.

அப்போது ஜெனித்திடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சென்னைக்குப் போனபிறகு அவன் எனக்கு அனுப்பிய முதல் செய்தி அது. கொச்சி டீமின் ஆபீஸில் ஷிபின் அவர்கள் பனியனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூட நிற்கிறவர் அவன் தோளில் கை போட்டிருக்கிறார். கீழே ஜெனித் எழுதியிருந்தான்: "ஆசானே, அடுத்தவனும் பறந்தாச்சி போல."

டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் இல்லை நான். அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கருங்கலில் அவன் வீட்டுக்குப் போய்க் கட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "மக்கா, எனக்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஏன் கேக்கிய?"

"அடுத்த சீசன் எங்கலே?"

"இங்கதாண்ணே, வேற எங்க?"

"மெய்யாட்டா?"

"மெய்யாட்டு" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் கட்டைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளித்துவைக்கப் போவதில்லை. அவன் போவதில்கூட எனக்கு வருத்தம் இல்லை, சார். இந்த வயதில் பெரிய டீம் கூப்பிட்டால் யாரும் போவார்கள். ஐந்து வருஷம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாயால் கூசாமல் பொய் சொன்னானே, அதுதான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

பிறகு அவன் கேட்டான். "அண்ணே, ஸ்கேன்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். "கொஞ்சம் நீர் கோத்திருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சி. சனிக்கிழம ஆடலாம்."

அவன் முகம் தெளிந்தது. ஜெயபாய் உள்ளேயிருந்து கட்டன்சாயா கொண்டுவந்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆசானே, நீங்க சொன்னா எனக்கு ஒறக்கம் வரும்" என்றாள். கட்டை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

அன்று ராத்திரி நீங்கள் போனில் கேட்டீர்கள், நினைவிருக்கும். ரிப்போர்ட் வந்ததா என்றீர்கள், வந்தது என்றேன். "ஆசான் பாத்தாச்சில்லா? அப்பம் சரி" என்று வைத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை கருங்கலில் காட்சி ஆட்டம். அடுத்த திங்கட்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று அவன் உங்களிடம் லீவு கேட்டிருந்தான். கொச்சியில் உடம்பு பரிசோதனை என்று எனக்குப் புரிந்தது. நான் சும்மா இருந்திருந்தாலே போதும். அவர்களே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இவன் வேண்டாம் என்று அனுப்பியிருப்பார்கள். அதையும் யோசித்தேன். ஆனால் நான்கு மாதத்தில் கால் கூடிவிடும். கூடியதும் மறுபடி வேறொரு டீம் வரும், மறுபடி ஒரு கல்யாணம் வரும். அதனால் அது போதாது என்று தோன்றியது.

ஆசான் வர்மத்தில் எங்கேயோ தட்டிவிட்டான் என்று கருங்கல் சந்தையில் பேசிக்கொள்கிறார்களாம். அப்படி எதுவும் இல்லை. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற வலி மாத்திரை இரண்டைப் பொடித்துக் கஷாயத்தில் கலந்தேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தேன். கால் வலித்தால் அவன் குதிக்கமாட்டான். அந்த வலியை நான் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக எனக்குச் சம்பளமே அதற்குத்தானே.

"கசக்குதண்ணே" என்றான்.

"மருந்து கசக்கத்தான் செய்யும். குடி."

கடைசிச் சொட்டுவரை குடித்தான். முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினேன். "இறங்குலே மக்கா" என்றேன்.

முதல் பாதியில் பதினாறு புள்ளி போட்டான். அவன் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. இரண்டாம் பாதி தொடங்கி நான்கு நிமிஷத்தில் வளையத்துக்கு அடியில் குதித்து வலது காலில் இறங்கினான். சத்தம் பெஞ்சுவரை கேட்டது. விழுந்தவன் காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான்தான் முதலில் ஓடினேன். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆசான் அழுதுகொண்டே தூக்கிவந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது நடிப்பு இல்லை. நான் அழுதேன்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம், பந்து விளையாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயபாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். கொச்சி டீமின் கடிதம். அதில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று ஷிபின். இன்னொன்று என்னுடையது: சுயம்புராஜ், உடல்நலப் பயிற்சியாளர்.

"எனக்க அண்ணன எடுத்தாத்தான் நான் வருவேன்னு சொல்லிட்டான் ஆசானே. ஒரு மாசம் அவனுவ கூட மல்லுக்கட்டி வாங்கின தாளு இது" என்றாள். "நான்தான் வெளிய சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினேன். ரெண்டு வருஷம் முன்ன ஸ்டேட் கேம்புக்கு எடுத்தாச்சின்னு சபை பூரா சொல்லி, பெறவு பேரு இல்லாம போச்சில்லா. அந்த மானக்கேடு இனி வேண்டாம்னு நெனச்சேன். அசனத்தன்னைக்குச் சபையில காணிக்கை வச்சி, ஐயரு ஜெபிச்ச பெறவு ஒங்க கையில இந்தத் தாள தரணும்னு வச்சிருந்தான். நீங்க கட்டு அவுத்த அன்னைக்கு இன்னும் எட்டு நாளுதான் இருந்தது."

நான் தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கீழே போய் அவளுக்கு டீயும் இரண்டு இட்லியும் வாங்கிவந்தேன். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

சார், நீங்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை கேட்டேனே. அம்மாவிடம் செய்த சத்தியம் பெரிது, அண்ணன் பெரிதில்லையா? "அண்ணே, எட்டு நாள் பொறுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இன்று எங்கள் வீட்டு முற்றத்தில் குதித்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்தது அவன்தான்.

இப்போது தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய்க் காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். டாக்டரிடம் கேட்டுத்தான் செய்கிறேன். நேற்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க இல்லன்னா நான் என்னண்ணே செய்வேன்?" என்றான். எங்கேயும் போகமாட்டேன் என்று சொன்னேன்.

போன வாரம் நீங்கள் ஒரு தாளைக் கொடுத்துவிட்டிருந்தீர்கள். ஷிபின் முழங்கால் காயத்தை மறைத்து ஆடினான், டீமை ஏமாற்றினான் என்று அதில் எழுதியிருக்கிறது. கொச்சிக்காரர்கள் அப்படித்தான் புகார் கொடுத்திருக்கிறார்கள், நாமும் அதையே சொல்லிவிட்டால் டீமுக்குப் பிரச்சினை இல்லை, ஆசான் கையெழுத்துப் போட்டால் லீக்கில் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு அவன் எந்த டீமிலும் கோச்சாகக்கூட நிற்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கிறது, இத்தனை நாள் என் அலமாரியில் எண்ணெய்க் குப்பிகளுக்குப் பின்னால் இருந்தது. காயத்தை மறைத்தது அவன் இல்லை, நான். கட்டை அவிழ்த்தது நான். மாத்திரை கொடுத்ததும், இறங்கு என்று சொன்னதும் நான். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். போலீஸில் கொடுப்பதானால் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை ஷிபினிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். அவன் இப்போது என்னைத் தவிர வேறு யாரையும் நம்புவதில்லை, பாவம், தாங்கமாட்டான். கையெழுத்துப் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அது தெரியாமல் இல்லை. ஆனால் கூட இருந்தவனைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.