ரெண்டாம் மாடிப் பேர்

எலி பசிக்காக வயரைக் கடிப்பதில்லை சார். அதன் பல் வளர்ந்துகொண்டே போகும், தேய்ப்பதற்காகக் கடிக்கிறது. பெரம்பலூரின் பழைய கட்டடங்களில் பதினாறு வருஷம் டெலிபோன் லைன் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ராசாங்கம் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். மாடிப்படிக்கு அடியில் உள்ள ஒரே பெட்டியிலிருந்துதான் எல்லா வீட்டு போனுக்கும் கம்பி ஏறுகிறது. ஒரு போனுக்கு இரண்டு கம்பி. அந்த ஜோடியை எங்கள் தொழிலில் 'பேர்' என்போம். பேசுவதற்கு எலி கடித்த பேரே போதும், கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். பிராட்பேண்டு அப்படியில்லை. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, சின்னக் குறைக்கும் கோபித்துக்கொண்டு எழுந்துவிடும்.

2006இல், கீழ்த்தளத்தில் பிரவுசிங் சென்டர் திறப்பதற்காகக் கட்டடச் சொந்தக்காரர் ராசாங்கம் பிராட்பேண்டு கேட்டார். இரண்டு தடவை போட்டுக் கொடுத்தேன், இரண்டு தடவையும் நிற்கவில்லை. வயர் பழசு என்றேன். எனக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர் நாலு பேர் முன்னால் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இந்தத் தடவயும் நிக்கலன்னா அரியலூர் மணிவேலை வரச் சொல்லிடுறேன். நீ வூட்டுலயே இரு."

மணிவேல் எனக்கு ஆறு வருஷம் கழித்து வேலைக்கு வந்தவன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருவிலிருந்து பெட்டிக்கு வரும் பேர்களில் ஒன்றே ஒன்றுதான் பழுதில்லாமல் இருந்தது. அது ரெண்டாம் மாடி அழகேசனுடையது. அவர் இருதய நோயாளி. செல்போன் கிடையாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிடத்தான் அவர் மனைவி பூங்காவனம் அந்தப் போனை வைத்திருந்தார். மாதக் கடைசியில் காலி செய்துவிட்டுச் செட்டிகுளம் போக இருந்தவர்கள்.

மூன்றாவது தடவை போனபோது காலை பதினொரு மணி. பெட்டிக்கு மேலே குடியிருப்பவர்களின் பெயர்ப்பலகை இருந்தது. ராசாங்கம் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார்.

"செல்லதுரை, வேலயோட வேலயா ரெண்டாம் மாடி பேரை எடுத்துடுப்பா. அவங்க போறாங்க."

அவர் சொன்னது பலகையில் இருந்த பெயரை. நான் கம்பியை என்று நினைத்துவிட்டேன். போலீசில் இதைத்தான் சொன்னேன், இன்ஸ்பெக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். "என் வாயாலதான் ஒரு உசுரு போச்சு" என்று ராசாங்கம் அழுதார். பாவம், இன்றும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

நீங்கள் விடாமல் கேட்பதால் சொல்கிறேன். பெயிண்ட் டப்பாவோடு வந்து நிற்கிறவர் எதை எடுக்கச் சொல்கிறார் என்று புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை.

எந்தப் பேரையும் வெட்டுவதற்கு முன் சோதனை போனை மாட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். மாட்டினேன். பூங்காவனம் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நெஞ்சடைக்குதுங்க, வேத்து ஊத்துது. சீக்கிரம் வண்டி அனுப்புங்க. வூடுங்களா? பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து..."

துளி இரைச்சல் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் குரல் கேட்டது. நல்ல பேர் என்று தெரிந்துகொள்ள அதற்கு மேல் சோதனை எதற்கு? வெட்டினேன். ராசாங்கத்தின் லைனை அதில் மாட்டினேன்.

கீழே மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. பதினாறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ராசாங்கம் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் பூங்காவனம் கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடி வந்தார். அழகேசனைத் தூக்கி இறக்கியவர்களில் நானும் ஒருவன். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டு விலாசத்தைச் சொல்லி முடிக்கும்வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா என்கிறீர்கள். பொம்பளைங்க போனை எடுத்தால் எப்போது வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும் சார்?