நடுங்காத குரல்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், மிஸ்டர் ஜெயபாலன். உங்கள் கை இப்படி நடுங்காது. மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் இருப்பவருக்குக் கை நடுங்கினால்கூடப் பரவாயில்லை, குரல் நடுங்கக் கூடாது. எனக்கும் இங்கிலீஷ் தெரியும், ஆனால் இங்கிலீஷில் பேசினால் எனக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. நிதானம் தமிழில்தான் வரும். நான் மெதுவாகச் சொல்கிறேன், நீங்களும் மாஜிஸ்திரேட் துரைக்கு மெதுவாகவே சொல்லுங்கள். யாருக்கும் ரயிலுக்கு நேரமாகவில்லை.

என் பெயர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்தவன். ஜொகூரில், செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. தோட்டத்துக் கணக்கும், காலையில் எந்த ஆள் எந்த ரப்பர்க் காட்டுக்கு வேலைக்குப் போவது என்று சொல்வதும் என் பொறுப்பு. வீரமுத்து என்ற தொழிலாளியைப் புலி அடித்தது. புலி அடித்ததற்குக் கிராணியைப் பிடித்து விசாரிக்கிறீர்கள். புலியைப் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பது கஷ்டம்தான், அது எனக்கும் புரிகிறது. அதனால் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் பிறவியிலேயே நிதானஸ்தன் அல்ல. தோட்டத்துக்கு வந்த புதிதில், சின்னக் கிராணியாக இருந்தபோது, மகா பயந்தாங்கொள்ளி. ஒரு நாள் பள்ளக்காட்டுக்கு மேற்பார்வைக்குப் போனேன். பள்ளக்காடு என்பது தோட்டத்தின் கடைசித் தாழ்வு. அதற்கப்பால் ஓர் ஓடை, ஓடைக்கப்பால் பெருங்காடு. லாலான் புல்லுக்குள் செம்பட்டையாக ஏதோ அசைந்தது. "புலி, புலி" என்று கத்திக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினேன். ஆட்கள் எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வாசலில் கால் இடறி, ரப்பர் பால் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து, எழுந்து, மேசைக்கடியில் போய்ப் பதுங்கினேன். என் பின்னாலேயே ஆடி அசைந்து வந்து வாசலில் நின்று "அம்மா" என்று கத்தியது, வீரமுத்து வளர்த்த செவலைக் கன்றுக்குட்டி.

ரப்பர் பால் காய்ந்தால் என்ன ஆகும் என்று துரைக்குத் தெரிந்திருக்கும். மயிரோடு மயிராக ஒட்டிக்கொள்ளும். என் மனைவி சத்தியபாமா கத்தரிக்கோலோடு உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தாள். தலைமுடியைப் பாதியாவது காப்பாற்றினாள், மீசையைக் காப்பாற்ற முடியவில்லை.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். வீரமுத்து மரம் சீவுவதில் கெட்டிக்காரன். அவனுக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது, யாரைப் போலவும் நடித்துக் காட்டுவான். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாக் கூத்தில் அவன்தான் பபூன். முகமெல்லாம் அரிசி மாவைப் பூசிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, "புலி, புலி" என்று மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பிறகு கன்றுக்குட்டி மாதிரி ஒரு குரல் கொடுத்தான். தோட்டத் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் மண்ணில் புரண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் சத்தியபாமாவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் தோள் குலுங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போல் இருந்தது. மறுநாளிலிருந்து என் பெயர் புலிக் கிராணி.

சிங்கப்பூருக்குக் கடலில் பாலம் போட்ட மறு வருஷம், ஜொகூர் பாருவில் கதிரேசு என்று ஒரு பெரியவர் பிரசங்கம் செய்தார். அமைதியும் தன்னம்பிக்கையும் உள்ள மனிதனாக வாழ்வது எப்படி என்பது விஷயம். மேடையிலேயே ஒரு நரம்புத் தைலமும் விற்றார். தைலம் வெறும் எண்ணெய். பிரசங்கம் மட்டும் பொன்னானது. விடியுமுன் எழு. தண்ணீர் குடி. தனியே நடந்து போ. பயம் வந்தால் மூச்சை ஆழமாக இழுத்து, மெல்ல விடு. கண்ணாடி முன் நின்று புன்னகை பழகு. கெட்ட செய்தியைச் சுமந்து திரியாதே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே. இரவு படுக்குமுன், உனக்குத் தீங்கு செய்த ஒருவனைப் பெயர் சொல்லி மன்னித்துவிட்டுத் தூங்கு. இவ்வளவுதான். அந்தப் பெரியவர் பிறகு ஒரு ரிக்‌ஷாக்காரனோடு சண்டை பிடித்து, நடுத்தெருவில் நெஞ்சடைத்துச் செத்தார் என்று கேள்வி. சொன்னதைத் தானே கடைப்பிடிக்காவிட்டால் அப்படித்தான் ஆகும்.

நான் கடைப்பிடித்தேன். ஒரு பழக்கத்தைக்கூட ஒரு நாள்கூட விடவில்லை. நடை நிமிர்ந்தது, பேச்சு நின்று நிதானமாக வந்தது. ஆட்கள் வாக்குவாதம் செய்தால் நான் மூச்சை இழுத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே போய்விடுவார்கள். தோட்டத் துரைக்கு இது மிகவும் பிடித்துப்போய், என்னைப் பெரிய கிராணியாக்கினார். புலிக் கிராணி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. பெரிய புலிக் கிராணி என்றார்கள்.

மன்னிக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு யாரும் பெரிதாகத் தீங்கு செய்யாததால், தினமும் வீரமுத்துவையே மன்னித்து வந்தேன். விளக்கை அணைத்ததும், "வீரமுத்து, உன்னை நான் மன்னித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். வருஷக்கணக்காக. சத்தியபாமாவுக்கு இதன் அருமை புரியவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனை நித்திரையிலையாவது விடுங்கோவன்" என்பாள்.

கோபம் இருந்ததா என்று துரை கேட்கிறார். இல்லை. கோபத்தை நான் மூச்சிலேயே வெளியே விட்டுவிட்டேன். வருஷக்கணக்காக ஒருவனை மன்னித்து வந்தவனிடம் கோபம் எங்கிருந்து வரும்?

இனி அந்த நாள். பௌர்ணமி கழிந்த மறுநாள், விடியவில்லை, நிலா மேற்கே இறங்கியிருந்தது. வழக்கம்போல் நடக்கப் போனேன். பள்ளக்காட்டில், ஓடைக்கரையில், ஒரு காட்டுப் பன்றியைப் போட்டு வைத்துக்கொண்டு அது படுத்திருந்தது. இந்த முறை கன்றுக்குட்டி அல்ல. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். மெல்ல விட்டேன். ஓடவில்லை. கத்தவில்லை. அதன் கண்ணைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தேன். அது எழுந்திருக்கவில்லை. மரியாதை தெரிந்த மிருகம். அந்தத் தோட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஜீவன் அதுதான்.

என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, மிஸ்டர் ஜெயபாலன். வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தேன்.

"என்ன, உடம்பெல்லாம் வேர்த்துக் கிடக்கு?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள். தோட்டத் துரையிடம் துப்பாக்கி இருந்தது, தெரியும். பள்ளக்காட்டு வேலையை அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம், அதுவும் தெரியும். ஆனால் புலி என்று நான் போய்ச் சொன்னால் அந்தத் தோட்டத்தில் யார் நம்பியிருப்பார்கள்? பால் தொட்டி எங்கே என்று கேட்டிருப்பார்கள். கெட்ட செய்தியைச் சுமந்து திரியக் கூடாது என்று ஒரு பழக்கம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று இன்னொரு பழக்கம். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு பெரட்டு. ஆட்களை வரிசையாக நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். பள்ளக்காடு வழக்கமாகச் சின்னத்தம்பியுடையது. சின்னத்தம்பியை மேட்டுக்காட்டுக்கு மாற்றினேன். சின்னத்தம்பி நல்லவன், பணிவானவன், அவனுக்கு ஆபத்து வருவதை நான் விரும்பவில்லை. இதையும் துரை குறித்துக்கொள்ளட்டும், என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக இருக்கும். வீரமுத்துவைப் பள்ளக்காட்டுக்குப் போகச் சொன்னேன். புலி கட்டாயம் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வயிறு நிறைந்த புலி. அது காட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். நல்லதே நடக்கும் என்று நம்புவதும் ஒரு பழக்கம்தான்.

வெயில் ஏறுவதற்குள் அலறல் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் நடந்து போனேன். நிதானம் என்பது நல்ல நாளில் மட்டும் கட்டிக்கொள்ளும் சட்டை அல்ல. தோட்டத் துரையின் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. வீரமுத்துவைப் பாய் ஒன்றில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவன் மனைவி அங்கம்மா மண்ணில் விழுந்து அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மூச்சை ஆழமா இழுத்து, மெல்ல விடு அம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் இருந்த நிலையில் கற்றுக்கொள்ள முடியவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள். நிஜப் புலியின் முன்னால் நின்று, கண்ணோடு கண் பார்த்து, ஓடாமல் திரும்பி வந்தவன் நான். அது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் தோட்டமே புலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் எவ்வளவுதான் அடக்கமாக இருக்க முடியும்? மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் போகட்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவளுக்காவது தெரிய வேண்டாமா?

சாப்பிடும்போது சொன்னேன். "நானும் அந்தப் புலியைக் கண்டனான். ஓடேல்லை."

சத்தியபாமா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "எப்ப கண்டனீங்கள்?" என்றாள்.

"பெரட்டுக்கு முன்னம்."

அவள் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல், தூறலில், லயத்துப் பக்கம் அங்கம்மா வீட்டுக்கு நடந்தாள். நான் சாப்பாட்டை முடித்தேன். பதற்றத்தோடு எழுந்தால் செரிக்காது. அன்றிரவு மன்னிக்க வேண்டியவர் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. வருஷக்கணக்கான பழக்கம், வாயில் முதலில் பழைய பெயர்தான் வந்தது.

மிஸ்டர் ஜெயபாலன், கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

துரை இதுவரை எழுதியதை இப்போது எனக்கு வாசித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று நான் சொன்னதாக இருக்கிறது. சொன்னேன்தான். ஆனால் ஒழுங்கான மனிதன் வாக்குமூலத்தைத் தப்பாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. வீரமுத்து கேட்டான்.

பள்ளக்காட்டுக்குப் போ என்றதும் முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டான். "ஏன் கிராணியாரே, பள்ளக்காட்டுல புலி கிலி படுத்துருக்கா?" பெரட்டுக் களமே சிரித்தது. அங்கம்மாவும் சிரித்தாள். நான் கண்ணாடி முன் பழகிய புன்னகையைச் செய்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவன் தோளில் வாளி தொங்கவிடும் காண்டாக் கம்பையும் வாளிகளையும் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வெளையாட்டு இல்லீங்க ஐயா. ராத்திரி பூரா நாய்ங்க கொலைச்சிக்கிட்டே கெடந்துச்சு, மனசே சரியில்ல. நீங்க விடியக்காலையில அந்தப் பக்கந்தானே நடக்கப் போறீங்க? எதும் தடம் கிடம் பாத்தீங்களா? மத்தவங்க சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க சொன்னா நான் நம்புறேன்."

மூச்சை ஆழமாக இழுத்தேன். மெல்ல விட்டேன்.

"அங்கை ஒண்டும் இல்லை, வீரமுத்து. தைரியமாப் போ" என்றேன்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவன் என்னைக் கும்பிட்டுவிட்டு, காண்டாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனான். இதைத் துரைக்குச் சரியாகச் சொல்லுங்கள், மிஸ்டர் ஜெயபாலன். அத்தனை வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் ஒருவன் என் பேச்சை அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.