யன்னல் வைத்த வண்டி

வெள்ளைக்காரர் ஆண்ட நாளின் யுத்த காலம். குண்டுக்குப் பயந்து திருகோணமலையே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. துறைமுகத்தடியில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு புருசனும் பெண்சாதியும்.

“மாட்டு வண்டிக்கு ஆரும் யன்னல் வைப்பினமே?” என்றாள் அவள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்க.

“பிள்ளையளுக்குக் காத்து வேணும். தம்பலகாமத்திலை வீடு கிடைக்கும்வரைக்கும் அதுக்குள்ளைதானே இருக்கப்போறியள்.”

“அடுப்பு வைக்கத் தகரம், தொட்டில் கட்டக் கொளுக்கி, யன்னலுக்குச் சீலை. எல்லாம் ஆசாரியிட்டைச் சொல்லத் தெரிஞ்சுது. படுக்கிற பலகையை மட்டும் ஏன் இவ்வளவு ஒடுக்கமாச் செய்யச் சொன்னனீங்கள்? நானும் ரெண்டு பிள்ளையளும் படுத்தால் உங்களுக்கு எங்கை இடம்?”

அவர் வெறும் போத்தலை மற்றக் கைக்கு மாற்றினார்.

“துறைமுக வேலையை விட்டிட்டு வர ஏலாது. துரை மறிச்சுப்போட்டார்.”

“எப்ப?”

“வண்டிக்குச் சொல்ல முதலே.”

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

“யன்னலும் வேண்டாம், சீலையும் வேண்டாம். நாலு பேர் படுக்கிற மாதிரிப் பலகையை அகட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி அந்த வண்டியிலை மாட்டைக் கட்டாதையுங்கோ.”